துணியில் வந்தது அழுக்கு இல்லை, சார்

போன சனிக்கிழமை மேடவாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்தார். ஆறு வருஷக் கார், சிவப்பு. "மாசம் தவறாம என் கையாலேயே வேக்ஸ் போடுறேன் தம்பி. அப்படியும் பானெட் ஓரம் வெளுத்துக்கிட்டே போகுது" என்றார். டிக்கியைத் திறந்து டப்பாவையும் பனியன் துணியையும் எடுத்துக் காட்டினார். துணி முழுக்கச் சிவப்பு. "எவ்வளவு அழுக்கு வருது பாருங்க!"

அது அழுக்கு இல்லை, வண்டியின் பெயிண்ட். டப்பாவில் இருந்ததும் வேக்ஸ் இல்லை, ரப்பிங் காம்பவுண்ட். கடையில் "கார் பாலிஷ் கொடுங்க" என்று கேட்டிருக்கிறார், எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். பெயிண்ட் கனத்தை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். கதவில் 112 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்), பானெட் ஓரத்தில் 61. இந்த வருஷம் இப்படி வந்த நாலாவது வண்டி இது.

பாலிஷ் வேறு, வேக்ஸ் வேறு. எத்தனை தடவை சொன்னாலும் இது மட்டும் ஏறுவதில்லை. பாலிஷ், காம்பவுண்ட் இரண்டும் தேய்த்து எடுப்பவை, உப்புத்தாளுக்கு உறவுக்காரர்கள். கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை, அதாவது நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சை, கீறலின் ஆழத்துக்கு இறக்கிவிடும். கீறல் 'போவது' அப்படித்தான். கிளியர் கோட் மொத்தமே 40, 50 மைக்ரான்; தலைமுடியைவிட மெல்லிசு. மாதாமாதம் தேய்த்தால் எத்தனை நாள் தாங்கும்? ஓரங்களில் பெயிண்ட் இன்னும் மெல்லிசு, அங்கேதான் முதலில் போகும்.

வேக்ஸும், அதே வேலையைச் செய்யும் செயற்கைப் பூச்சான சீலன்ட்டும் எதையும் எடுக்காது, மேலே உட்காரும். கீறலைக் கொஞ்சம் நிரப்பி மறைக்கும், நாலு வாஷில் திரும்பத் தெரியும். "வேக்ஸ் போட்டேன், கீறல் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால், ஒன்று அது வேக்ஸ் இல்லை, இல்லாவிட்டால் கீறல் போகவில்லை. டப்பாவில் 'கிளீனர் வேக்ஸ்' என்று இருந்தால் அதுவும் தேய்க்கிற ரகம்தான். துணியில் வண்டியின் நிறம் வந்தால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள். (கிளியர் கோட் இல்லாத பழைய பெயிண்டில் கொஞ்சம் நிறம் வரும். இது அந்த மாதிரி வண்டி இல்லை.)

சரி, வீட்டில் என்ன போடலாம்? கார்னூபா வேக்ஸ் பிரேசில் பனை ஒன்றின் இலையிலிருந்து வருவது. பளபளப்பு அருமை, ஆனால் சென்னை வெயிலில் ஒன்றிரண்டு மாதம் நின்றாலே பெரிசு. சீலன்ட் செயற்கை பாலிமர், நாலைந்து மாதம் தாங்கும். இரண்டும் வேண்டுமென்றால் முதலில் சீலன்ட், ஒரு நாள் காயவிட்டு மேலே வேக்ஸ். மாற்றிப் போட்டால் சீலன்ட் பெயிண்டைப் பிடிக்காது.

வேலையை நிழலில் செய்யுங்கள். பானெட்டில் உள்ளங்கையை வையுங்கள், சுட்டால் டப்பாவை மூடிவிட்டு டீ குடிக்கப் போங்கள். கார் ஷாம்பு போட்டுக் கழுவி உடனே ஒற்றி எடுங்கள். போர் தண்ணீரைக் காயவிட்டால் உப்புப் புள்ளி விழும், அதன் மேல் வேக்ஸ் போட்டு என்ன பயன்? கையில் கேரி பேக்கை மாட்டிக்கொண்டு மெதுவாகத் தடவிப் பாருங்கள். மணல் மணலாகத் தட்டுப்பட்டால் முதலில் கிளே பார் (ஒட்டியிருக்கும் துகளை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி) போட வேண்டும். அப்புறம் சீலன்ட்டை ஒரு கதவுக்கு நாலைந்து சொட்டு எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லிசாகப் பூசுங்கள். அப்பிப் பூசினால் கூடுதல் பாதுகாப்பு எல்லாம் கிடையாது, துடைக்கும்போது கைதான் வலிக்கும். கறுப்பு பிளாஸ்டிக்கில் படாமல் டேப் ஒட்டுங்கள், பட்டால் வெள்ளைத் திட்டு. பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் வண்டியா? வேக்ஸ் பக்கமே போகாதீர்கள்.

மைக்ரோஃபைபர் துணி கீழே விழுந்தால் அதோடு அதை ஓரம் கட்டிவிடுங்கள். ஒரு மணல் துகள் போதும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அபார்ட்மென்ட்டில் விடியற்காலையில் ஒரே வாளி, ஒரே துணியோடு பத்து வண்டியைத் துடைக்கும் அண்ணனிடம், "என் வண்டியைத் தண்ணி ஊத்தாமத் துடைக்காதீங்க" என்று தன்மையாகச் சொல்லுங்கள். எங்களிடம் வரும் வட்டக் கீறல்களில் பெரும்பாதி அந்தத் தூசித் துணியில் பிறந்தவை.

பெரியவருக்கு பானெட்டை மறுபடி பெயிண்ட் அடிப்பது தவிர வழியில்லை. "அப்ப இந்த டப்பாவை என்ன தம்பி பண்றது?" என்று கேட்டார். மஞ்சள் ஏறிய அவர் ஹெட்லைட்டை அதை வைத்தே தேய்த்துக் கொடுத்தேன்.