வெள்ளைக்கழிச்சலை எச்சத்தில் மட்டும் தேடாதீர்கள்

மாசிக் கடைசி, வெயில் ஏறத் தொடங்கிய நேரம். ஒரு அம்மா மஞ்சப்பையில் செத்த நாட்டுக்கோழி ஒன்றைப் போட்டுக்கொண்டு எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு வந்தார். "வெள்ளையா பீச்சிச்சு சாமி, நேத்து ரெண்டு, இன்னைக்கு ஒண்ணு. வெள்ளைக்கழிச்சல்தான், மருந்து குடுங்க" என்றார். விடிகாலையில் செத்த கோழி, உடம்பு இன்னும் முழுசாக விறைக்கவில்லை. அவர் சொன்ன நோய் சரிதான், ராணிகேத் என்றும் நியூகாசில் என்றும் சொல்லும் வைரஸ் நோய் அது, ஆனால் அதற்கு அவர் காட்டிய அடையாளத்தை நான் நம்புவதில்லை.

எச்சத்தில் இருக்கும் வெள்ளை, கோழியின் சிறுநீர் உப்பு. தீனி எடுக்காத எந்தக் கோழியும் வெள்ளையும் பச்சையுமாகத்தான் போகும். கம்போரோ என்னும் வேறொரு வைரஸ் நோய் வந்த குஞ்சும் வெள்ளையாகக் கழியும், பாக்டீரியாவால் வரும் குஞ்சுக் கழிச்சலும் வெள்ளைதான். இந்தப் பெயரை நம்பி ஏமாந்த பண்ணைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, எங்கே பார்ப்பது? அந்தக் கோழியை அறுத்துக் காட்டினேன். கற்கள் கிடக்கும் அரைவைப்பைக்குச் சற்று மேலே, விரல் தடிமனில் ஒரு சின்னப் பை இருக்கும், அதைச் சுரப்பி இரைப்பை என்போம். அதை நீளவாக்கில் பிளந்தபோது உள்ளே கெட்டியான சளிதான் தெரிந்தது, அவசரக்காரர் அத்தோடு ஒன்றுமில்லை என்று மூடிவிடுவார். கத்தியின் முதுகால் அந்தச் சளியை மெல்ல வழித்துவிட வேண்டும். வழித்தேன். கம்பு மணி ஒட்டியதுபோல் வரிசையாக இருக்கும் சுரப்பி முளைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளி. அந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "குங்குமம் தெளிச்ச மாதிரி இருக்கே" என்றார். அதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

கம்போரோவிலும் இங்கே இரத்தக்கசிவு வரலாம், ஆனால் அது பெரும்பாலும் இரைப்பையும் அரைவைப்பையும் சேரும் இடத்தில் ஒரு பட்டையாக ஓடும், கூடவே தொடைத் தசையில் இரத்தத் திட்டுகள் இருக்கும்.

அப்புறம் குடல். சிறுகுடல் முடியும் இடத்தில் வால்போல் இரண்டு குடல்பைகள் பிரியும், அவை பிரியும் இடத்தில் இருக்கும் டான்சில்கள், அதாவது நோய் எதிர்ப்புத் திசுக்கள், வீங்கி, கருஞ்சிவப்பாகப் புண்ணாகி இருக்கும். சில கோழிகளில் குடலைத் திறக்கும் முன்பே சுவரின் வெளிப்பக்கமாகக் கருத்த திட்டுகள் தெரியும், திறந்தால் பொத்தான் வடிவப் புண்கள். மூச்சுக்குழாயும் சிவந்து சளி கட்டியிருக்கலாம். ஆனால் மிக வேகமாகச் செத்த கோழியில் எதுவும் இல்லாமலும் போகலாம், கழுத்து திருகி நரம்புக் கோளாறோடு சாகும் கோழியிலும் குடலில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அதனால் ஒரு கோழியை மட்டும் பார்த்து இல்லை என்று நான் சொல்வதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டில் அறுத்துப் பார்க்கக் கூடாது, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பறவைக் காய்ச்சலும் இதே இரைப்பையில் இதே புள்ளிகளை வைக்கும். கொண்டை நீலம் பாய்ந்து, முகம் வீங்கி, காலில் இரத்தத் திட்டு இருந்தால் தொடவே தொடாதீர்கள், உடனே தகவல் சொல்லுங்கள். கண்ணால் பார்ப்பது சந்தேகத்தை வலுவாக்கும், அவ்வளவுதான். எந்த வைரஸ் என்று ஆய்வகம்தான் சொல்ல வேண்டும், அதற்கான மாதிரியை மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு நாங்கள் அனுப்புவோம்.

1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், மறு ஆண்டே நம் குமாவோன் மலையின் ராணிகேத்திலும் கண்டறியப்பட்ட நோய் இது. இன்றுவரை வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. அந்த அம்மாவிடம் இதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நோய் கண்ட கோழிகளைத் தனியே அடைக்கச் சொன்னேன், செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கச் சொன்னேன், மிச்சத்தைச் சந்தைக்கு அனுப்ப வேண்டாம் என்றேன். வியாபாரி வண்டியிலும் கூடையிலும் ஏறித்தான் இது அடுத்த ஊருக்குப் போகிறது.

அன்று மாலையே பக்கத்துத் தெருக் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டோம். நோய் ஏற்கெனவே உள்ளே புகுந்து அறிகுறி காட்டாமல் இருக்கும் கோழி ஊசிக்குப் பிறகும் சாகும், அப்போது பழி ஊசி மேல் விழும். அதனால்தான் முதல் சாவிலேயே வரச் சொல்கிறேன். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா என்னும் தடுப்பு மருந்துச் சொட்டு, 8-வது வாரத்தில் இறக்கையில் ஆர்2பி என்னும் தடுப்பூசி, அதற்கு ஒரு வாரம் முன் குடற்புழு நீக்கம். நாட்டுக்கோழிக்கு இவ்வளவு போதும், கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமிலும் இலவசமாகவே போடுகிறோம்.

செத்த கோழியை இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டி, சுற்றி ஐஸ் வைத்து, அன்றே கொண்டு வாருங்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். மறுநாள் வெயிலில் ஊதிப்போய் வந்தால் குடல் முழுக்கப் பச்சையாகிவிடும், சளியை வழித்தாலும் அந்தப் புள்ளிகள் எனக்குத் தெரியாது.