ரெண்டு பேர் கைவைத்த ஃபைலை கிட் எப்படி ஒன்றாக்குகிறது?

போக ஆசைப்படும் ஊர்களைப் பட்டியல் போட்டு, போய் வந்ததும் டிக் அடித்துக்கொள்ள ஒரு சின்ன வெப் ஆப். தண்டையார்பேட்டையில் ஒருவர், பெரம்பூரில் ஒருவர், வியாசர்பாடியில் ஒருவர் என மூன்று பேர் அவரவர் வீட்டிலிருந்தே எழுதுகிறார்கள். ஊர் சேர்க்கும் ஃபார்ம், பட்டியல் பக்கம், டேட்டாபேஸ் எல்லாம் வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாம். தலைவலி வேறு இடத்தில். ஒரே ஃபைலை ஆளுக்கொரு பக்கம் திருத்தினால் கடைசியில் எது நிற்கும்?

இதற்குத்தான் கிட் (Git): கோடில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று பதிவுசெய்து, பலரின் மாற்றங்களை ஒன்றுசேர்க்கும் மென்பொருள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் குழு பயன்படுத்திவந்த, இதே வேலைக்கான பிட்கீப்பரை இனி இலவசமாகத் தரமுடியாது என்று ஆனபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது.

சரி, கோடோடு ஒரு ஃபைலில் மாதிரிக்கு வைத்திருக்கும் ஊர்ப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டைக்காரரின் ஃபைலில் பழவேற்காடு இருக்கிறது, பெரம்பூர்க்காரரின் ஃபைலில் இல்லை. அவர் புதிதாகச் சேர்த்தாரா, இல்லை இவர் அழித்துவிட்டாரா? ரெண்டு ஃபைலையும் எவ்வளவு நேரம் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது, ஏனென்றால் விடை அந்த ரெண்டிலுமே இல்லை, இருவரும் தனித்தனி பிராஞ்சுக்கு (அவரவர் தனியாக மாற்றிக்கொண்டு போகும் கிளைக்கு) பிரிவதற்கு முன்பிருந்த பழைய பிரதியில் இருக்கிறது. அதில் பழவேற்காடு இருந்தால் பெரம்பூர்க்காரர் அழித்திருக்கிறார், இல்லாவிட்டால் மற்றவர் சேர்த்திருக்கிறார்.

அந்தப் பழைய பிரதியை கிட் தேட வேண்டியதில்லை என்றே சொல்லலாம். ஒவ்வொரு கமிட்டும் (மாற்றங்களை கிட்டில் பதியும் ஒவ்வொரு பதிவும்) அந்த நேரத்து ப்ராஜெக்ட் முழுவதையும், தனக்கு முந்தைய கமிட்டின் அடையாளத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறது (அடையாளம் என்பது வழக்கமாக எஸ்எச்ஏ-1 என்ற கணக்குமுறையில் வரும், எழுத்தும் எண்ணும் கலந்த 40 இடச் சரம்). ரெண்டு பிராஞ்சிலும் பின்னோக்கிப் போனால் ஓரிடத்தில் சந்திக்கும். அப்புறம் மூன்று பிரதிகளையும் ஒப்பிட வேண்டியதுதான்: ஒருவர் மட்டும் மாற்றிய இடத்தில் அவர் மாற்றம் நிற்கும், ஒரே இடத்தை இருவரும் வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால் கான்ஃப்ளிக்ட் என்று நிறுத்திவிட்டு நம்மைக் கேட்கும். ஒருவர் தொட்ட வரிக்கு அடுத்த வரியை இன்னொருவர் தொட்டிருந்தாலும் கேட்கும். பலர் இதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். எனக்கு என்னவோ, கேட்கிற மெர்ஜ் (இப்படி ஒன்றுசேர்ப்பது) நல்ல மெர்ஜ்.

பயப்பட வேண்டியது கேட்காத மெர்ஜுக்கு. வியாசர்பாடிக்காரர் கோடில் ஊரின் பெயரை வைக்கும் ‘பெயர்’ என்ற ஃபீல்டை ‘ஊர்ப்பெயர்’ என்று எல்லா இடத்திலும் மாற்றுகிறார். அதே வாரம் பெரம்பூர்க்காரர் வேறொரு ஃபைலில், பழைய ‘பெயர்’ ஃபீல்டை நம்பி, புதிய பக்கம் எழுதுகிறார். வரிகள் எங்கேயும் மோதவில்லை, மெர்ஜ் வழுக்கிக்கொண்டு போகிறது. பிரவுசரில் திறந்தால், ராயபுரம் ரயில் நிலையம் என்ற பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அன்டிஃபைன்ட்’ (undefined, மதிப்பு எதுவும் இல்லை). ஜாவாஸ்கிரிப்ட்டில் இல்லாத ஃபீல்டைக் கேட்டால் எரர் வராது, இதுதான் வரும். கிட் பார்ப்பது வரிகளை மட்டுமே. அதனால் ஃபீல்டு பெயர்களை முதல் நாளே பேசி முடிவு செய்வதும், மெர்ஜ் ஆன பிறகு, ஆப் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டை ஓட்டுவதும் குழுவின் வேலை.

இதெல்லாம் கோடுக்கு மட்டும்தான். பயனர்கள் சேர்க்கும் ஊர்கள் இருப்பது டேட்டாபேஸில், அங்கே கிட் கிடையாது. ஒரே ஊரின் குறிப்பை ரெண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தி சேமித்தால், சும்மா விட்டால் பின்னால் சேமித்தவருடையதே மிஞ்சும். தடுக்க ஒரு வழி, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பதிப்பு எண் வைத்து, ‘நான் படித்தபோது 7, இப்போதும் 7 என்றால் மட்டும் சேமி’ என்று கேட்பது. எண் மாறியிருந்தால் சேமிக்காமல், பக்கத்தைப் புதுப்பித்துவிட்டுத் திருத்தச் சொல்லலாம்.