காட்டை வெட்டினால் கடன் கிடையாது: அமேசானில் ஒரு செயற்கைக்கோள் கணக்கு

பிரேசிலின் அமேசான் பகுதியில் 2004-ஆம் ஆண்டுக் கணக்கில் 27,772 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. 2012-இல் அது 4,571-ஆகக் குறைந்தது. காட்டை அழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்ற வணிகர்களின் உடன்பாடு, புதிய காப்புக்காடுகள் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் பெரிய பங்கை நான் இன்பே என்ற விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்கே கொடுப்பேன்.

இன்பே 1988 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை காட்டழிப்பைக் கணக்கிடுகிறது. அதற்குப் பெயர் புரோடெஸ். துல்லியமான கணக்குதான். ஆனால் அது வெளிவருவதற்குள் மரம் லாரி ஏறிப் போயிருக்கும். அதனால் மரீனா சில்வா சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த 2004-இல் டெட்டெர் என்ற எச்சரிக்கை முறை வந்தது. தொடக்கத்தில் அது வேலை செய்த விதம் இது.

பச்சை இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். வெறும் மண் அனுப்பும் ஒளி வேறு மாதிரி இருக்கும். நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி அநேகமாகத் தினமும் எடுக்கும் படத்தில், ஒவ்வொரு புள்ளியிலும் இலை, மண், நிழல் எவ்வளவு எவ்வளவு என்று கணினி பிரித்துவிடும். மண்ணின் பங்கு சட்டென்று கூடிய இடம் பளிச்சென்று தெரியும். அப்புறம் மனிதக் கண்ணின் வேலை. அது ஆற்று மணல்திட்டா, வெட்டிய நிலமா என்று பயிற்சி பெற்றவர்கள் பார்த்து எல்லை வரைவார்கள். அந்த வரைபடம் இபாமா என்ற சுற்றுச்சூழல் அமலாக்க அமைப்புக்குப் போகும்.

மோடிஸின் ஒரு புள்ளி 250 மீட்டர் சதுரம், அதாவது ஆறேகால் ஹெக்டேர். நாலு புள்ளிக்குக் குறைந்தால், அதாவது 25 ஹெக்டேருக்குள் வெட்டினால், பெரும்பாலும் தப்பித்துவிட முடிந்தது. சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுவது பெருகியதும் அதனால்தானோ என்னவோ. 2015-இல் கூர்மையான படங்களுக்கு மாறினார்கள். மழைக்கால மேகம் மட்டும் இன்னும் தொல்லைதான்.

சரி, படம் பார்த்தால் மரம் நிற்குமா? நிற்காது. வெட்டிய நிலத்தைப் பயன்படுத்த இபாமா தடை விதித்து, நிலக்காரர் பெயரோடு பட்டியலை இணையத்தில் போட்டது. 2008-இல் இன்னொரு விதி வந்தது: அமேசானில் விவசாயக் கடன் கேட்பவர், தன் நிலத்தின் மேல் அப்படிப்பட்ட தடை இல்லை என்று காட்ட வேண்டும். விண்வெளியில் எடுத்த படம் வங்கி மேசைக்கே வந்துவிட்டது. அபராதத்தை இழுத்தடிக்கலாம், கடன் இல்லாமல் மாடு வாங்குவது கஷ்டம்.

தகவல் எல்லோருக்கும் திறந்திருந்ததன் அருமை 2019-இல் தெரிந்தது. காட்டழிப்பு ஏறுவதாக டெட்டெர் காட்டியதும் அந்த எண்களைப் பொய் என்றார் அதிபர் பொல்சொனாரோ. எதிர்த்துப் பேசிய இன்பே இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவ் ஆகஸ்டில் பதவி இழந்தார். ஆனால் தரவு பொதுவெளியில் இருந்தது, யாரும் சரிபார்க்கலாம். நவம்பரில் வந்த புரோடெஸ் கணக்கும் ஏற்றத்தையே காட்டியது. நடவடிக்கை தளர்ந்திருந்ததால் 2021-இல் அழிவு 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. அலாரம் அடித்துக்கொண்டேதான் இருந்தது, போக வேண்டியவர்கள் போகவில்லை.

இன்றும் பெரிய ஓட்டை மாட்டில் இருக்கிறது. தடை செய்த நிலத்தில் பிறந்த கன்றை, தடையில்லாத பண்ணைக்கு மாற்றி அங்கிருந்து இறைச்சிக்கூடத்துக்கு விற்றுவிடுகிறார்கள். மாடுகளை இடம் மாற்றும் அனுமதிச் சீட்டுகள் அரசிடம் உண்டு, ஆனால் பொதுமக்கள் பார்வைக்கு இல்லை. பாரா மாநிலம் 2023-இல் ஒவ்வொரு மாட்டையும் தனித்தனியாகக் கண்காணிக்கும் திட்டத்தை அறிவித்தது. அந்தப் பதிவும் காட்டு வரைபடத்தைப் போலத் திறந்து வைக்கப்பட வேண்டும்.