நீச்சல் குளத்து நீருக்கு மேல் ஒரு சாண் காற்று

உள்ளரங்க நீச்சல் குளத்துக்குள் நுழைந்ததுமே மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால், "குளோரின் நன்றாகப் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் சுத்தம்" என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். உண்மை நேர்மாறானது. சரியாகப் பராமரிக்கப்படும் குளத்தில் வாடை மிகக் குறைவாகவே இருக்கும். அந்தக் காரநெடி பெரும்பாலும் குளோரினுடையது அல்ல. குளோரினும் நீந்துபவர்களின் வியர்வையும் சிறுநீரும் சேர்ந்து உண்டாக்கிய குளோரமைன்களுடையது.

வியர்வையிலும் சிறுநீரிலும் யூரியாவும் அம்மோனியாவும் உண்டு. குளோரின் இவற்றோடு வினைபுரிந்து மோனோ, டை, டிரை என மூன்று வகைக் குளோரமைன்களைத் தருகிறது. மூச்சுக்குழாய்க்கு மிகுந்த தொல்லை தருவது மூன்றாவதான டிரைகுளோரமைன். நீரில் அது அவ்வளவாகக் கரையாது. கிடைத்த வழியில் காற்றுக்கு ஓடிவிடும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால், காற்றோட்டம் மந்தமாக இருந்தால் நீர்ப்பரப்பை ஒட்டியே தேங்கி நிற்கும். நீச்சல்காரர் வாயைத் திறந்து காற்றை இழுப்பதும் அந்த ஒரு சாண் உயரத்தில்தான்.

சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். கடும் பயிற்சியில் இருக்கும் தேர்ந்த வீரருக்கு இது 100 லிட்டரையும் தாண்டும். அதுவும் வாய் வழியாக. மூக்கின் வடிகட்டலுக்கு அங்கே வேலையே இல்லை. தினமும் பல மணி நேரம் இப்படிப் போனால் மூச்சுக்குழாயின் உட்படலம் அரிபடுகிறது, அழற்சி வருகிறது, சுற்றியுள்ள தசை சிறு தூண்டலுக்கும் இறுகத் தொடங்குகிறது. இதில் ஒரு முரண் உண்டு: குளத்தின் மேலுள்ள சூடான ஈரக் காற்று ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உண்மையில் இதமானது, ஓட்டத்தைவிட நீச்சல் அவர்களுக்கு ஒத்துப்போவது அதனால்தான். ஆஸ்துமாக்காரர்களை நீச்சலில் சேர்க்கும் வழக்கம் இருப்பதால், வீரர்களிடம் காணப்படும் இளைப்பில் எவ்வளவு பழையது, எவ்வளவு குளம் தந்தது என்று பிரிப்பது கடினம். ஆனாலும், பயிற்சியை நிறுத்தி ஓய்வெடுத்ததும் பலருக்கு இந்த மிகையுணர்ச்சி குறைவதைப் பார்க்கும்போது காற்றின் பங்கை மறுக்க முடியாது.

பயிற்சியின்போதோ முடித்த சில நிமிடங்களிலோ வரும் வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம், வீசிங் ஆகியவற்றை "ஸ்டாமினா போதவில்லை" என்று தள்ளிவிடக் கூடாது. ஓய்வில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை பெரும்பாலும் இயல்பாகவே வரும். வேகமாக மூச்சுவிடச் செய்தோ உடற்பயிற்சி தந்தோ மீண்டும் ஊதவைக்க வேண்டும். முதல் வினாடியில் வெளியேறும் காற்று 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் மூச்சுக்குழாய்ச் சுருக்கம் உறுதி. சத்தம் மூச்சை இழுக்கும்போது, தொண்டையில் கேட்கிறதா? இன்ஹேலரும் பலன் தரவில்லையா? அப்போது குரல்வளை குறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். இதை ஆஸ்துமா என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து எடுப்பவர்கள் உண்டு. போட்டி வீரர்கள் இன்ஹேலரில் எடுக்கும் சால்பியூட்டமால் (மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்து) அளவையும் கவனிக்க வேண்டும்: ஊக்கமருந்து விதிப்படி 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டக் கூடாது.

குளத்தைப் பராமரிப்பவர்கள் பார்க்க வேண்டியது 'சேர்ந்த குளோரின்' எண்ணை, அதாவது குளோரமைன்களாக மாறிவிட்ட குளோரினின் அளவை. நீர் மாதிரியில் போட்டுச் சோதிக்கும் டிபிடி ஒன்றாம் மாத்திரை, இன்னும் எதோடும் சேராத தனிக் குளோரினைக் காட்டும். அதே மாதிரியில் மூன்றாம் மாத்திரையையும் போட்டால் மொத்தம் தெரியும். மொத்தம் 2.1 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு), தனி 1.5 என்றால் சேர்ந்தது 0.6. இது 0.4-ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். அப்போது குளோரமைன்களை உடைக்கத் தனிக் குளோரினைச் சேர்ந்ததன் பத்து மடங்குக்கு, இங்கே 6 பிபிஎம்முக்கு, ஏற்றுவார்கள். 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி 1.6 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 500 கன மீட்டர் நீர். அதில் 1.5-இலிருந்து 6-க்கு ஏற்ற, குளோரின் தரும் 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் சுமார் மூன்றரைக் கிலோ தேவை. ஆள் இல்லாத இரவில், எக்ஸாஸ்ட் முழுவதும் ஓடும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். அந்நேரம் வாயு அதிகமாகவே கிளம்பும். யூரியா மிக மெதுவாக வினைபுரிவதால் இந்த வைத்தியத்துக்கு அது எளிதில் மசியாது. அதை வெளியேற்றப் புதிய நீர்தான் வழி: குளத்து நீருக்கான ஜெர்மனியின் டின் 19643 தரம் குளிப்பவர் ஒருவருக்கு 30 லிட்டர் என்கிறது. பிஹெச் 7-க்குக் கீழே இறங்கினால் டிரைகுளோரமைன் பெருகும்; 7.2 முதல் 7.4 வரை வைத்துக்கொள்வது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட மலிவானது, குளத்தில் இறங்கும் முன் ஒரு நிமிட ஷவர். வியர்வையின் பெரும்பகுதி அங்கேயே கழுவப்பட்டுவிடும். குளத்துக்குள் சிறுநீர் கழிப்பதைப் பற்றியும் கோச்சுகள் கூச்சப்படாமல் பேசியாக வேண்டும்.

காற்றோட்டத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, மின்செலவை மிச்சப்படுத்த அதே காற்றையே சுழற்றுவது. கூரையோரத்தில் மட்டும் உறிஞ்சினால் தேங்கிய வாயு அசையாது. நீர்மட்டத்தை ஒட்டியே உறிஞ்சும் திறப்புகள் வேண்டும். காற்றில் கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராம் டிரைகுளோரமைன் என்பது உலக சுகாதார அமைப்பு 2006-இல் தந்த தற்காலிக வரம்பு.

திடீரென்று பலர் ஒரே நேரத்தில் இருமி மூச்சுத் திணறினால் காரணம் பெரும்பாலும் வேறு. குளத்து நீரைச் சுழற்றும் பம்ப் நின்றபின்னும், அமிலத்தையும் குளோரின் மருந்தையும் செலுத்தும் மருந்துப் பம்புகள் ஓடிக்கொண்டிருந்தால், குழாயில் அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் கலந்து குளோரின் வாயு உருவாகும். பம்ப் மீண்டும் ஓடியதும் அது குளத்துக்குள் பாயும். நீரோட்டம் நின்றால் மருந்துப் பம்புகளும் தானாக நிற்கும்படி இணைப்புப் போட்டிருக்க வேண்டும். பம்பை மறுபடி இயக்கும்போது நீரில் ஒருவரும் இருக்கக் கூடாது.