கொதிகலன் அன்று, சூடேற்றுகலன்

பிரித்தானியாவில் வாழும் தமிழருக்கென மொழிபெயர்க்கப்படும் வீட்டுப் பராமரிப்புக் குறிப்புகளில், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குச் சூடான நீரை அனுப்பும் பாய்லரைக் 'கொதிகலன்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல் இந்தக் கருவிக்குப் பொருந்தாது.

ஆங்கிலச் சொல்லின் வேர் 'புல்லா' என்னும் இலத்தீன் சொல். நீர்க்குமிழி என்று பொருள். கொதிகலன் அதன் நேர்த் தமிழாக்கம். உண்கலன் போன்ற வினைத்தொகைதான், இலக்கணத்தில் குறையில்லை. அனல்மின் நிலையத்தில் நீரை ஆவியாக்கிச் சுழலியை ஓட்டும் கலனுக்கு அது மிகப் பொருத்தமான பெயர். வீட்டுப் பாய்லரிலோ நீர் கொதிப்பதில்லை, கொதிக்கவும் கூடாது.

முகப்பிலுள்ள மானியே இதற்குச் சான்று. நீர் குளிர்ந்திருக்கையில் அமுக்கம், அதாவது தமிழகத்தார் சொல்லும் அழுத்தம், 1 முதல் 1.5 பார் (அமுக்கத்தின் அலகு) வரை நிற்கும். சூடேறும்போது நீர் விரிவதால் முள் சற்று மேலேறும். அந்த விரிவைத் தாங்க இரப்பர்ச் சவ்வுள்ள விரிவுக்கலம் உண்டு. அதையும் மீறி அமுக்கம் 3 பாரை எட்டினால் பாதுகாப்பு வால்வு திறந்து நீரை வீட்டுக்கு வெளியே கொட்டும். மானி காட்டுவது வளிமண்டல அமுக்கத்துக்கு மேற்பட்ட அளவை என்பதால், அதில் 1.5 பார் இருக்கையில் நீர் கொதிக்க ஏறத்தாழ 127 பாகை செல்சியஸ் வேண்டும். சுற்றில் ஓடும் நீர் 80 பாகையைத் தாண்டுவதே அரிது. உண்மையில் கொதிப்பு நேர்ந்தால் அது பழுதின் அறிகுறி: எரியும் வாயுவின் வெப்பத்தை நீருக்குக் கடத்தும் வெப்பமாற்றியின் உட்சுவரில் சுண்ணாம்போ சேறோ படிந்து, அங்கே சிக்கிய நீர் ஆவியாகி, அடுப்பிலேற்றிய கேத்தல் போல இரையும். நோயின் பெயரை நலமாக ஓடும் கருவிக்குச் சூட்டுவது என்ன முறை?

இதனால் பணமும் வீணாகிறது. 2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயு பாய்லர்கள் பெரும்பாலும் ஒடுக்க வகையைச் சேர்ந்தவை. புகையோடு போகும் வெப்பத்தையும் மீட்பதே அவ்வகையின் சிறப்பு. புகையிலுள்ள நீராவி மீண்டும் நீராகித் தன் வெப்பத்தைக் கொடுக்க வேண்டுமானால், ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். கொதிகலன் என்று படித்தவர் கொதிக்கட்டும் என்று நீரின் வெப்பநிலையை அமைக்கும் திருகியை முழுதும் திருகிவிடுகிறார்; திரும்பும் நீரும் சூடாகவே இருக்க, அந்த வெப்பம் புகையோடு போய்விடுகிறது. அவரைத் திருத்த வேண்டிய குறிப்போ, வெப்பநிலை என்று எழுத வேண்டிய இடத்தில் 'வெப்பத்தைக் குறைக்கவும்' என்கிறது. வீட்டைக் குளிரவிடச் சொல்வதாக அவர் எண்ணிக்கொள்கிறார். வெப்பம் ஆற்றல், வெப்பநிலை அதன் விளைவாக நாம் அளக்கும் நிலை என்ற பள்ளிப் பாடத்தை மொழிபெயர்ப்பாளர் மறக்கலாமா? கருவியை ஒருமுறையும் பார்க்காமல் அகராதியை மட்டும் புரட்டி எழுதுவதன் பலன் இது.

'வெந்நீர்க்கலன்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். கொதிகலனைவிட அது மேல். ஆனால் குழாய் வெந்நீரைச் சேமித்து வைக்கும் தனி உருளை பல வீடுகளில் இருக்கிறது, அந்தப் பெயர் அதற்கே உரியது. இரண்டையும் கலப்பது ஆபத்து. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகாதிருக்க அந்த உருளை நீரை 60 பாகைக்குக் குறையாமல் வைக்கச் சொல்கிறார்கள்; ரேடியேட்டர் சுற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆகவே சூடேற்றுகலன் என்கிறேன். எழுத்தில் இது நிலைபெறும்வரை பேச்சில் பாய்லர் என்றே சொல்லலாம். அது தமிழன்று, ஆனால் எந்தத் தமிழரும் அதைக் கேட்டு நீரைக் கொதிக்கவைக்க முயல்வதில்லை.