செர்வல் சிறுத்தைப்பூனை அல்ல, நெடுங்கால் வெருகு

போன ஞாயிறு டிவியில் ஆப்பிரிக்கப் புல்வெளி. உயர்ந்த புல்லுக்குள் ஒரு விலங்கு காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. "சிறுத்தைப்பூனை இரைக்குக் காத்திருக்கிறது" என்றது பின்னணிக் குரல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகள், "மாமா, இது வால்பாறையில போர்டுல பார்த்த பூனைதானே?" என்றாள். அவள் மேல் தப்பில்லை. அந்தப் போர்டிலும் சிறுத்தைப்பூனை என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் இரண்டும் வேறு வேறு விலங்குகள். இந்தப் பிழையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

டிவியில் வந்தது செர்வல். லத்தீனில் ‘செர்வுஸ்’ என்றால் மான். அந்த வேரிலிருந்து பிறந்த ‘லோபோ செர்வால்’ போர்ச்சுக்கீசிய மொழியில் லின்க்ஸ் பூனையின் பெயர். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கையியலாளர் பூஃபோன் அதைச் ‘செர்வல்’ என்று எழுதினார். 1776இல் ஜெர்மன் இயற்கையியலாளர் ஷ்ரேபர் அதை இந்த ஆப்பிரிக்கப் பூனையின் அறிவியல் பெயராக்கினார். பெயரே இன்னொரு விலங்கிடம் வாங்கிய கடன் என்பதால், வேர் பார்த்து ‘மான்பூனை’ என்று ஆக்குவதிலும் பொருளில்லை.

சிறுத்தைப்பூனைக்கு வருவோம். அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரிகிற, வீட்டுப்பூனை அளவே உள்ள காட்டு விலங்கின் பெயர். இருக்கிற விலங்கின் பெயரைப் பறித்து இன்னொன்றுக்குச் சூட்ட யாருக்கு உரிமை? தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலேயே செர்வலைப் ‘புலிக் காட்டுப்பூனை’ என்கிறார்களே என்று ஒரு நண்பர் வாதாடினார். அவர்கள் நாட்டில் நம் சிறுத்தைப்பூனை கிடையாது, குழப்பமும் வராது. நமக்கு வருகிறது.

சரி, உடம்பில் புள்ளி இருக்கிறதே என்றால், புள்ளியுள்ள பூனையினம் உலகில் எத்தனையோ. புள்ளியைக் கண்டதும் சிறுத்தை என்று எழுதும் இந்தப் பழக்கம்தான் சிவிங்கியையும் (ஆங்கிலத்தில் சீட்டா) விழுங்கப் பார்த்தது. 2022இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்குச் சிவிங்கிகள் வந்தபோது ‘சிறுத்தைகள் வந்தன’ என்று எத்தனை செய்திகள்! சிறுத்தை நம் காட்டில்தான் இருக்கிறதே, அதை ஏன் விமானத்தில் கொண்டுவர வேண்டும் என்று எழுதியவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறக்கும் முன் விலங்கைப் பார்க்க வேண்டும்.

செர்வலைப் பாருங்கள். தோள் வரை சுமார் 60 செ.மீ. உயரம், எடை 18 கிலோ வரை. உடல் அளவோடு ஒப்பிட்டால் பூனைக் குடும்பத்திலேயே நீளமான கால்கள் அதற்குத்தான். அது நம்புவது காதை. புல்லுக்கடியில் எலி நகரும் சத்தம் கேட்டதும் நான்கு காலும் தரையை விட்டெழும்ப வில்லாக வளைந்து பாய்ந்து, முன்னங்கால்களால் எலியின் மேலேயே வந்து இறங்கும். புல்லிலிருந்து கிளம்பும் பறவையை அந்தரத்திலேயே தட்டி வீழ்த்தும். தான்சானியாவின் கோரோங்கோரோவில் கவனித்தபோது, பாய்ந்த பாய்ச்சலில் ஏறக்குறைய பாதி பலித்திருக்கிறது.

காதை வைத்துப் பெயரிடலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அதன் உறவுக்காரனான கேரக்கல் ஏற்கெனவே காதால் பெயர் பெற்றது. துருக்கியில் ‘கராகுலக்’, கருங்காது. அதுவும் ஆப்பிரிக்காவில் வாழ்கிறது. காதை அதற்கு விட்டுவிடுவோம். செர்வலுக்குக் கால்தான் அடையாளம். ‘நெடுங்கால்’ என்பது கேட்டதுமே கண்ணில் நிற்கிற சொல்.

ஏன் வெருகு? காட்டுப்பூனைக்கு நம் பழஞ்சொல் அதுதான். குறுந்தொகையின் 139ஆம் பாட்டில், மாலையில் வேலியோரம் வெருகு வந்ததும் வீட்டுக்கோழி பதறிக் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. மலையாளத்தில் வெருகு என்றால் புனுகுப்பூனை ஆயிற்றே என்பார்கள். ஆகட்டும். தமிழில் புனுகுப்பூனை, மரநாய் என்று அவற்றுக்குத் தனிப்பெயர்கள் வழக்கில் இருக்கின்றன. வெருகுதான் வேலையில்லாமல் அகராதியில் கிடக்கிறது.

‘செர்வல்’ என்றே விட்டுவிடலாமே என்பவர்களுக்கு ஒன்று: வேகமான குரலில் அது ‘சேவல்’ என்றே காதில் விழுகிறது. முதல்முறை ‘செர்வல் எனப்படும் நெடுங்கால் வெருகு’ என்று சொல்லிவிட்டு, பிறகு நெடுங்கால் வெருகு என்றே தொடரலாம். அதன் பிள்ளைக்கும் பெயர் தேடி அலைய வேண்டாம். வெருகின் பிள்ளை குட்டி என்று தொல்காப்பிய மரபியலே சொல்லியிருக்கிறது.