இலைன்னா பச்சையா தான் இருக்கணுமா?

ஒன்னாவது ரெண்டாவது படிக்கிற புள்ளைங்க கையில பேப்பரையும் கிரையானையும் குடுத்து இயற்கைக் காட்சி வரைங்கன்னு சொல்லிப் பாருங்க. முக்கால்வாசிப் பேர் ஒரே படம் தான் வரைவாங்க. ரெண்டு மலை, நடுவுல கண்ணு மூக்கு வச்ச சூரியன், மலையில இருந்து வளைஞ்சு வர்ற ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், வானத்துல டிக் அடிச்ச மாதிரி நாலு பறவை. நான் வாத்தியார் வேலை பாக்கிறது நாகப்பட்டினம் மாவட்டத்துல, இங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டையா வயலும் கடலும் தான், மலை பாக்கணும்னா பஸ் ஏறி பல மணி நேரம் போகணும். தெக்க போனா கோடியக்கரை, குளிர்காலத்துல பூநாரை கூட்டமா வந்து எறங்குற இடம், உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல 2002லயே சேர்ந்தது. எங்க புள்ளைங்க படத்துல மலை இருக்கும், பூநாரை இருக்காது, வீட்டு வாசல்ல நிக்கிற பூவரசு கூட இருக்காது.

புள்ளைங்களச் சொல்லிக் குத்தமில்ல, அந்தப் படத்த நாமதான சொல்லிக் குடுத்தோம். நானும் அதுல ஒருத்தி தான்.

சில வருஷம் முன்னாடி ரெண்டாவது படிக்கிற பொண்ணு ஒன்னு மாமரம் வரைஞ்சிருந்தா, உச்சியில இருக்கிற இலைக்கெல்லாம் செங்கல் கலர் அடிச்சிருந்தா. நான் பழக்க தோஷத்துல சிவப்பு பேனாவால "இலை பச்சை நிறம்"னு எழுதி விட்டுட்டேன். அவ ஒன்னும் பேசல. மறுநாள் சாப்பாட்டு நேரத்துல வந்து "மிஸ் வாங்க"ன்னு கைய புடிச்சு ஸ்கூல் பின்னாடி இழுத்துட்டு போனா, அங்க மாமரம் புதுசா தளிர் விட்டிருக்கு, நனைஞ்ச துணி மாதிரி தொவண்டு தொங்குது, அப்படியே செங்கல் கலர். இத்தனைக்கும் ஜவுளிக்கடையில மாந்தளிர் கலர் சேலை எடுங்கன்னு நானே கேட்டு வாங்கியிருக்கேன், அந்தக் கலர் எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. இளந்தளிர்ல பச்சையம் முழுசா ஊறியிருக்காது, ஆந்தோசயனின்னு சொல்ற சிவப்புப் பொருள் மேலோங்கி இருக்கும், நாளாக நாளாக பச்சை பிடிக்கும், இதெல்லாம் எனக்கு பாடத்துல தெரியும் தான். அந்த புள்ள கண்ணால பாத்து வரைஞ்சது, நான் மனப்பாடத்துல திருத்தினேன், அவ்வளவு தான் வித்தியாசம்.

அதுக்கப்புறம் புள்ளைங்க செடி, பூச்சின்னு வெளிய பாத்தத வரைஞ்சு எழுதுற இந்த ஒரு நோட்டுல மட்டும் சிவப்பு பேனா வைக்கிறதில்ல. நோட்டுன்னா பெருசா ஒன்னுமில்ல, கோடு போடாத சின்ன நோட்டு, ஒரு பென்சில், கொஞ்சம் கிரையான், ரப்பர் கிடையாது. ரப்பர் இருந்தா அழிச்சு அழிச்சே பத்து நிமிஷம் போயிடும், பக்கத்துல அம்மா அப்பா உக்காந்திருந்தா அவங்க தான் அழிப்பாங்க! வாரத்துல ஒரு நாள், அதே இடம், அதே செடி, பத்து பதினஞ்சு நிமிஷம் போதும். நிறைய பேர் வாரா வாரம் புது எடத்துக்கு கூட்டிட்டு போகணும்னு நெனைக்கிறாங்க, அது டூர் ஆயிடும், ஒரே முருங்கைய ஆறு வாரம் பாத்தா தான் பூ எப்ப வந்துச்சு, கம்பளிப்பூச்சி எப்ப ஏறுச்சு, இலை எப்ப கொட்டுச்சுன்னு புள்ளைக்கே பிடிபடும். எழுதத் தெரியாத வயசுன்னா அது சொல்றத நீங்க எழுதுங்க, அது சொன்ன மாதிரியே. ஒரு யூகேஜி பையன் எறும்பு வரிசைய பாத்து "இது மட்டும் ஸ்கூலுக்கு லேட்டா போகுது"ன்னான், அவங்க அம்மா அத "எறும்புகள் வரிசையாகச் செல்கின்றன"ன்னு நோட்டுல எழுதிட்டு வந்தாங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு.

வார்த்தைக்கு நம்ம மொழியில இருக்கிற வசதி கொஞ்ச நஞ்சமில்ல. நான் வைக்கிற விளையாட்டு ஒன்னு, கண்ண மூடிட்டு கையில ஒரு இலைய வைப்பேன், பேரு சொல்லக் கூடாது, எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லணும். பூவரசு வழவழ, பவழமல்லி சொரசொர (நிஜமாவே உப்புத்தாள் மாதிரி இருக்கும், தொட்டுப் பாருங்க), கத்தாழைய ஒடைச்சா கொழகொழ, காஞ்ச பலா இலை மொடமொட. புள்ளைங்க இதுக்கெல்லாம் கிட்ட உக்காந்து கத்துக்கணும்னு இல்ல, அதுங்க வாயிலேயே இருக்கு, கேட்டா போதும். சில சமயம் புதுசாவே ஒன்னு செஞ்சிடும், துளசி இலைய கசக்கிட்டு ஒருத்தி "நெறிநெறின்னு வாசனை"ன்னா. இருக்கட்டுமே.

நோட்டுல தேதிக்கு பக்கத்துல அன்னிக்கு வானிலை எப்படின்னு ஒரு வரி எழுதச் சொல்வேன். எல்லாரும் வெயில், மழை, மப்புன்னு எழுதுவாங்க. கடலோரத்துல இருந்து வர்ற பையன் ஒருத்தன் "கச்சான்"னு எழுதியிருந்தான். மத்த புள்ளைங்க சிரிச்சுதுங்க. மேக்க இருந்து அடிக்கிற காத்துக்கு கடல்ல போறவங்க சொல்ற பேரு அது, கொண்டல்னா கெழக்க இருந்து, வாடைன்னா வடக்க இருந்து, சோழகம்னா தெக்க இருந்து, எல்லாத்தையும் அவன் தான் கிளாசுக்கு சொல்லிக் குடுத்தான். அதுவரைக்கும் வாசிக்க எழுந்திருக்கவே பயப்படுற புள்ள. வீட்டு வார்த்தை நோட்டுக்குள்ள வரலாம்னு தெரிஞ்சதும் பக்கம் பக்கமா எழுத ஆரம்பிச்சுட்டான், எழுத்துப் பிழையோட தான், நான் தொடவே இல்ல.

கலர் டப்பா வாங்கித் தான் ஆகணும்னும் இல்ல. செம்பருத்தி இதழ பேப்பர்ல தேச்சா ஊதா மாதிரி ஒரு கலர் வரும், அது மேல எலுமிச்சை சாறு ஒரு சொட்டு விட்டா ரோஸ் ஆகும், சோப்புத் தண்ணி விட்டா பச்சை பக்கம் போகும். மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு சேர்த்தா சிவப்பு, ஆரத்தி தட்டுல பாத்தது தான், சுண்ணாம்ப மட்டும் பெரியவங்க கலந்து குடுங்க. கொடிப் பசலை பழம் இருந்தா இங்க் வாங்கவே வேணாம்.

பெற்றோர்கிட்ட ஒரே ஒரு வேண்டுகோள், புள்ள ஒரு பூச்சிய காட்டினதும் ஃபோன எடுத்து நீட்டாதீங்க. பேரு கெடைச்ச அடுத்த நொடி அது பாக்கறத நிறுத்திடுது. பேரு அப்புறம் வரட்டும், மொதல்ல எத்தனை காலு, எங்க போகுது, என்ன திங்குது. கொஞ்சம் வளந்ததும் பொங்கல் லீவுல நடக்கிற பறவைக் கணக்கெடுப்புல சேத்து விடலாம், ஒரு எடத்துல 15 நிமிஷம் நின்னு பாத்தத எண்ணிக் குறிக்கிறது தான் வேலை.

பயமுறுத்தறதுக்கு இல்ல, ஆனா சில விஷயம் முன்னாடியே சொல்லிடணும். அரளி, ஆமணக்கு விதை, குன்றிமணி இதெல்லாம் வாயில போகக் கூடாது, குன்றிமணி அழகா இருக்கேன்னு புள்ளைங்க பொறுக்கும், கடிச்சு உள்ள போனா கடுமையான விஷம். எருக்கம் பால் கண்ணுல படக் கூடாது. கம்பளிப்பூச்சிய கண்ணால மட்டும் பாக்கணும். இத சொல்லிட்டு விட்டுடுங்க, அப்புறம் நிமிஷத்துக்கு ஒரு தடவ "தொடாத"ன்னு கத்தாதீங்க.

வீட்டுல எதுல ஆரம்பிக்கிறதுன்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது கறிவேப்பிலை தொட்டி. மொளகா விதைய விட சின்னதா மஞ்சளா ஒரு உருண்டை இலையில ஒட்டியிருக்கும், அது பட்டாம்பூச்சி முட்டை. அதுல இருந்து வர்ற புழு பாக்க காக்கா எச்சம் மாதிரியே இருக்கும், பறவைங்க ஏமாறட்டும்னு தான். கடைசியா தோல் உரிச்சதும் பச்சை ஆயிடும், லேசா சீண்டினா தலைக்குப் பின்னாடி இருந்து ஆரஞ்சு கலர்ல ரெண்டு கொம்பு நீட்டும், ஒரு மாதிரி புளிச்ச வாடை அடிக்கும். முட்டையில இருந்து பட்டாம்பூச்சி வரைக்கும் ஏறக்குறைய ஒரு மாசம். சில கூட்டுல பட்டாம்பூச்சிக்கு பதிலா குளவி வரும், அதையும் மறைக்காம வரையச் சொல்லுங்க.

போன வருஷம் ஒரு பையன் வீட்டுல இப்படி மூணு புழு. அவன் பாட்டி தொடப்பத்தோட வந்துட்டாங்களாம், ரசத்துக்கு கறிவேப்பிலை இல்லன்னு. இவன் நோட்ட விரிச்சு காட்டி கெஞ்சி நிறுத்தியிருக்கான். ரெண்டு புழு காணாமப் போச்சு, ஒன்னு மட்டும் கூடு கட்டுச்சு. அவன் ஸ்கூல்ல இருந்தப்ப அது பறந்துருச்சு. அன்னிக்கு நோட்டுல பட்டாம்பூச்சி வரையல, வெறும் கூடு, அதுல ஒரு கீறல், கீழ "கதவ தொறந்துட்டு போயிருச்சு, பாட்டி பாத்தாங்களாம்"னு எழுதியிருந்தான். பாட்டி இப்ப ரசத்துக்கு பக்கத்து வீட்டுல கறிவேப்பிலை வாங்கிக்கிறாங்களாம்.